பங்களாப் பேயும் தீராத கணக்கும்

திருவனந்தபுரத்தில் இருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக மலை ஏறினால் கடைசியாக வரும் ஊர் போனக்காடு. அதற்கு மேல் பஸ் கிடையாது. காடும் அகத்தியர் மலையும்தான்.

விடுமுறை நாள் என்றால் மோட்டார் சைக்கிளில் வாலிபர்கள் கூட்டமாக வந்து இறங்குகிறார்கள். தேயிலைச் செடியையோ, இடிந்து கிடக்கும் பாக்டரியையோ, லயங்களையோ அவர்கள் தேடுவது இல்லை. அவர்கள் தேடுவது பேய் பங்களாவை!

வெள்ளைக்காரர் காலத்துப் பாணியில் கட்டிய துரை பங்களா அது. கதவு, ஜன்னல்கள் போய்விட்டன. சுவரில் கரிக்கட்டியால் எழுதிய காதலர் பெயர்கள். குளிர் காய்வதற்கான அடுப்பு மட்டும் பழைய பெருமையைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது.

அந்த பங்களாவைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. வெள்ளைக்கார மேனேஜர் ஒருவர் அங்கே குடும்பத்துடன் குடியேறினாராம். 13 வயது மகள் திடீர் என்று இறந்துபோனாளாம். மனம் உடைந்த துரை வேலையை விட்டுச் சீமைக்குப் போய்விட்டாராம். அதன் பிறகு இரவில் அழுகுரல் கேட்கிறதாம். கண்ணாடி உடையும் சத்தம் கேட்கிறதாம்.

இந்தக் கதையைப் படம் பிடித்துப் போட்டு காசு பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பங்களாவுக்குக் கீழே, இடிந்த லயத்தில் இன்னும் சில தமிழ்க் குடும்பங்கள் அடுப்பு மூட்டுகின்றன. அவர்களுடைய கதையைக் கேட்க வருகிறவர்கள் குறைவு.

பணக்கார பங்களா, அதில் ஒரு சாவு, செத்தவர் திரும்பி வருவது. இந்த மூன்றையும் வைத்து 60 ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு தமிழ்ப் படம் வந்தது. பேய் பங்களா தேடி வரும் வாலிபர்களின் தாத்தா, பாட்டிமார்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த படம். சிவாஜி கணேசனின் "புதிய பறவை"!

சொந்தப் படம்

"புதிய பறவை" 1964-ம் ஆண்டு செப்டம்பர் 12-ந் தேதி வெளிவந்தது. சிவாஜி பிலிம்ஸ் எடுத்த சொந்தப் படம். ஈஸ்ட்மென் கலர். தாதா மிராசி டைரக்ஷன். ஆரூர்தாஸ் வசனம். கண்ணதாசன் பாட்டு. விசுவநாதன்-ராமமூர்த்தி இசை. அந்த இரட்டையர் பிரிவதற்கு முந்தைய ஆண்டு வந்த படம் இது.

கதாநாயகன் கோபால் பெரிய பணக்காரன். கப்பலில் ஊருக்குத் திரும்பி வருகிறான். கப்பலில் லதா என்ற பெண்ணையும் அவளுடைய தந்தையையும் சந்திக்கிறான். லதாவாக சரோஜாதேவியும் தந்தையாக வி.கே.ராமசாமியும் நடித்தார்கள். பழக்கம் நட்பாகிறது. ஊட்டியில் உள்ள தன் பங்களாவில் தங்கும்படி கோபால் இருவரையும் அழைக்கிறான். நட்பு காதல் ஆகிறது.

எல்லாம் இருக்கிறது. பணம் இருக்கிறது. கார் இருக்கிறது. அழகான பங்களா இருக்கிறது. அன்பான பெண்ணும் கிடைத்துவிட்டாள். ஆனால் கோபாலிடம் ஒரு விசித்திரம். ரெயில் ஓடுவதைப் பார்த்தால் அவன் நிலை தடுமாறிப் போகிறான். முகம் வெளுத்துவிடுகிறது.

ஏன் என்று லதா கேட்கிறாள். அவன் தன் பழைய கதையைச் சொல்கிறான். சிங்கப்பூரில் இரவு விடுதியில் பாடிக்கொண்டிருந்த சித்ரா என்ற பெண்ணை அவன் மணந்தான். அவளோ குடும்பத்துக்கு அடங்கவில்லை. குடி, கும்மாளம், நள்ளிரவு விருந்து என்று திரிந்தாள். கடைசியில் ரெயிலில் விழுந்து இறந்துபோனாள். இதுதான் அவன் சொன்ன கதை.

லதா இரக்கப்படுகிறாள். கல்யாணத்துக்கு ஏற்பாடு நடக்கிறது. விருந்தாளிகள் கூடியிருக்கும் நேரத்தில் வாசலில் ஒரு பெண் வந்து நிற்கிறாள்.

"நான்தான் சித்ரா" என்கிறாள்!

பேயா? பெண்ணா?

தியேட்டரே ஆடிப்போன இடம் அது. அதே முகம். அதே குரல். அதே நடை. உடன் மாமன் ரங்கன் என்று ஒருவர். அந்த வேடத்தில் எம்.ஆர்.ராதா. சிரித்துக்கொண்டே கழுத்தை நெரிக்கிற நடிப்பு!

"இவள் என் மனைவி இல்லை. என் மனைவி செத்துவிட்டாள்" என்று கோபால் கதறுகிறான். ஒருவரும் நம்பவில்லை. சொந்த வீட்டிலேயே அவன் பைத்தியக்காரன் ஆகிறான். வந்தவளை மடக்க அவன் செய்யும் ஒவ்வொரு தந்திரமும் அவனுக்கே எதிராகத் திரும்புகிறது.

கடைசியில் அவன் வெடிக்கிறான். "சித்ரா எப்படித் திரும்பி வர முடியும்? அவள் செத்தது எனக்குத் தெரியும். ஏன் என்றால்..."

அந்த "ஏன் என்றால்" என்பதில்தான் முழுப் படமும் தொங்கிக்கொண்டு இருக்கிறது.

வீட்டை விட்டுப் போகத் துடித்த சித்ராவை ஆத்திரத்தில் அவன் அறைந்திருக்கிறான். ஒரே அறை. அவளுக்கு இதயம் பலவீனம். சுருண்டு விழுந்து இறந்துவிட்டாள். ஊர் என்ன சொல்லும், குடும்ப மானம் என்ன ஆகும் என்று பயந்துபோன கோபால், உடலைத் தூக்கிக்கொண்டு போய் தண்டவாளத்தில் போட்டுவிட்டான். விடிந்ததும் "தற்கொலை" என்று கேஸ் முடிந்துவிட்டது.

அவன் உண்மையைச் சொல்லி முடித்த உடனே திரை விலகுகிறது. வந்த சித்ரா பேயும் இல்லை, சித்ராவும் இல்லை. வேஷம் போட்ட போலீஸ். மாமன் போலீஸ். லதாவின் தந்தை போலீஸ். ஏன், லதாவே போலீஸ்! ஆனாலும் அவள் அவன்மேல் வைத்த அன்பு மட்டும் வேஷம் இல்லை. அந்த அன்பும் கைவிலங்கும் ஒரே காட்சியில் வருவதுதான் படத்தின் முடிவு.

லண்டனில் இருந்து சென்னைக்கு

இந்தக் கதை மூன்று ஊர் சுற்றி வந்தது. 1958-ல் பிரிட்டனில் "சேஸ் எ க்ரூக்கட் ஷேடோ" என்று ஒரு படம் வந்தது. அதில் பெரிய சொத்துக்காரி ஒருத்தியின் மாளிகைக்கு ஒருவன் வந்து, செத்துப்போன உன் அண்ணன் நான்தான் என்கிறான். 1963-ல் வங்காளத்தில் உத்தம் குமாரும் சர்மிளா தாகூரும் நடித்த "சேஷ் அங்கா" வந்தது. அதில் அண்ணன் போய், மனைவி ஆகிவிட்டது. அடுத்த ஆண்டு அது தமிழில் "புதிய பறவை" ஆயிற்று.

மூன்றிலும் கதையின் எலும்பு ஒன்றுதான். தமிழுக்கு வந்தபோது சதையும் ரத்தமும் சேர்ந்தது. இங்கிலாந்துப் படத்தில் இருப்பது சாமர்த்தியம். தமிழ்ப் படத்தில் இருப்பது வேதனை. குற்றவாளிக்காக ரசிகர்களைக் கண்ணீர்விட வைத்தார் சிவாஜி. தாய்மார்கள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

சித்ராவாக நடித்தவர் சவுகார் ஜானகி. 1950-ல் வந்த "ஷாவுகாரு" என்ற தெலுங்குப் படத்தால் அந்தப் பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. அதுவரை குடும்பப் பெண், அழுகிற மனைவி என்றே அவரைப் பார்த்துப் பழகிய ஜனங்கள், மேல்நாட்டு உடையில் இரவு விடுதியில் பாடும் ஜானகியைக் கண்டு மலைத்துப்போனார்கள். 2022-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

சிவாஜி 2001-ல் மறைந்தார். எம்.ஆர்.ராதா 1979-லேயே போய்விட்டார். சரோஜாதேவி 2025 ஜூலையில் காலமானார். நடித்தவர்கள் போனாலும் படம் போகவில்லை.

தண்டவாளம் பொய் சொல்லுமா?

கோபால் தன் பாவத்தை ரெயில் மேல் ஏற்றிவிட்டான். ரெயில்வேயில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி கூடுதலாக உறுத்தும்.

பாதையில் ஒரு உடல் கிடந்தால் முதலில் பார்ப்பது பெரும்பாலும் பாதை சோதிக்கும் கீமேன், அல்லது என்ஜின் டிரைவர். தகவல் பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டருக்குப் போகும். அவர் போலீசுக்கு எழுதிக் கொடுப்பார். போலீஸ் வந்து பஞ்சாயத்தாரை வைத்து விசாரணை நடத்தும். பிறகு உடல் பிரேதப் பரிசோதனைக்குப் போகும்.

அங்கேதான் உண்மை பேசும். உயிரோடு இருக்கும்போது பட்ட காயத்துக்கும், செத்த பிறகு பட்ட காயத்துக்கும் வித்தியாசம் உண்டு. உயிருள்ள உடலில் அடிபட்டால் ரத்தம் சதைக்குள் கசிந்து உறையும். செத்த உடலில் அப்படி ஆகாது. அனுபவம் உள்ள டாக்டர் கவனித்துப் பார்த்தால், ரெயில் ஏறியபோது உயிர் இருந்ததா, இல்லையா என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிட முடியும்.

கோபாலின் அதிர்ஷ்டம், அவன் விஷயத்தில் தண்டவாளம் வாயைத் திறக்கவில்லை. கேஸ் மூடப்பட்டது. கையில் சாட்சி இல்லாததால்தான் போலீஸ் நாடகம் போட வேண்டி வந்தது.

அன்று இரவே போயிருந்தால்?

கோபால் அன்று இரவே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், "கோபத்தில் ஒரு அறை விட்டேன், விழுந்துவிட்டாள்" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கொல்ல வேண்டும் என்ற எண்ணம் இல்லை. அறைந்தால் செத்துப்போவாள் என்று தெரியவும் தெரியாது. இது நிரூபணமானால் சட்டப்படி அது கொலைக் குற்றம் ஆகாது. சிறிய தண்டனையோடு முடிந்திருக்கலாம். ஆனால் உடலைத் தண்டவாளத்தில் போட்டது வேறு விஷயம். தடயத்தை மறைப்பது தனிக் குற்றம். 1860-ல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் அதற்கு 201-வது பிரிவு இருந்தது. அந்தச் சட்டத்தை ஒட்டித்தான் சிங்கப்பூரின் தண்டனைச் சட்டமும் எழுதப்பட்டது. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதிலும் தடயத்தை மறைப்பது குற்றமே.

ஆக, கோபால் பயந்தது சட்டத்துக்கு இல்லை. நாலு பெரிய மனிதர்களுக்கு. அவர்கள் முன்னால் தலைகுனிய வேண்டி வருமே என்ற பயம்தான் ஒரு விபத்தைக் குற்றமாக மாற்றிவிட்டது. ஏழை வீட்டில் இப்படி நடந்திருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் கேட்டு ஓடி வந்திருப்பார். பங்களாவில் பக்கத்து வீடு கிடையாது. சுவர் பெரியது. காம்பவுண்டு பெரியது. மறைப்பதற்கு வசதியும் பெரியது!

இன்னொரு வேடிக்கை. போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் கோர்ட்டில் குற்றவாளிக்கு எதிராகச் சாட்சியாக வைக்க முடியாது என்பது 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டம் முதல் இருந்துவரும் விதி. கோபாலுக்கு நல்ல வக்கீல் கிடைத்திருந்தால் கேசை இழுத்தடித்திருப்பார். படத்தில் அவன் வாதாடவில்லை. சொல்லி முடித்ததும் அவன் முகத்தில் தெரிவது நிம்மதி.

பேராசையின் படம்

சிவாஜி அதற்கு 10 ஆண்டுகளுக்கு முன்பே இப்படி ஒரு வேடம் போட்டிருந்தார். படம் "அந்த நாள்". 1954 ஏப்ரல் 13-ந் தேதி வந்தது. ஏவி.எம். தயாரிப்பு. வீணை வித்வானாகவும் புகழ் பெற்ற எஸ்.பாலசந்தர் டைரக்ஷன். ஒரு பாட்டுக்கூட இல்லாத முதல் தமிழ்ப் பேசும் படம்.

1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்டதை ஒட்டி நடக்கும் கதை. ரேடியோ என்ஜினீயர் ராஜன் முதல் காட்சியிலேயே சுடப்பட்டுச் சாகிறான். யார் சுட்டது? மனைவியா, தம்பியா, ஆசைநாயகியா, பக்கத்து வீட்டுக்காரரா? ஜாவர் சீதாராமன் துப்பறிகிறார். படத்தின் கதை, வசனமும் அவருடையதே.

ராஜன் கெட்டிக்காரன். தன் மூளைக்கு இங்கே மதிப்பு இல்லை என்ற ஆத்திரம் அவனுக்கு. மேலே போக வேண்டும் என்ற வெறியில் தாய்நாட்டையே ஜப்பானியருக்கு விற்கிறான். அன்பான மனைவி இருக்க, ஆசைநாயகி வீட்டுக்கும் போகிறான். கடைசியில் தேசபக்தியுள்ள மனைவி உஷா துப்பாக்கியைக் கையில் எடுக்கிறாள். சுட மனம் வராமல் தடுமாறுகிறாள். அந்தத் தடுமாற்றத்தில் துப்பாக்கி தானே வெடித்துவிடுகிறது. உஷாவாக நடித்தவர் பண்டரிபாய்.

இங்கேயும் கொன்றது கை தவறிய ஒரு நொடிதான். இங்கேயும் உண்மை மூடிக்கிடக்கவில்லை.

லண்டன் பணக்காரனின் மோதிரம்

தமிழ்ப் படம் உண்மையை மூடிவைக்க விடாது. மேல்நாட்டில் அப்படி இல்லை. 2005-ல் உடி ஆலன் என்ற அமெரிக்க டைரக்டர் லண்டனில் எடுத்த "மேட்ச் பாயின்ட்" படத்தைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

கிறிஸ் என்ற ஏழை அயர்லாந்து வாலிபன் டென்னிஸ் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு வருகிறான். பெரிய பணக்காரக் குடும்பத்தில் நுழைந்து, அந்த வீட்டுப் பெண்ணையே மணக்கிறான். மாமனார் தயவில் பெரிய உத்தியோகம், கார், வீடு எல்லாம் கிடைக்கிறது. ஆனால் நோலா என்ற நடிகையோடு கள்ளத்தொடர்பு. அவள் கர்ப்பமாகி, உன் மனைவியிடம் சொல்கிறேன் என்று மிரட்டியதும், சொத்தும் சுகமும் போய்விடுமே என்று அவளைச் சுட்டுக் கொல்கிறான். திருடன் வந்து சுட்டது போல் காட்டுவதற்காக, பக்கத்து வீட்டுக் கிழவியையும் கொல்கிறான்.

கிழவியின் நகைகளைத் தேம்ஸ் நதியில் எறிகிறான். ஒரு மோதிரம் மட்டும் கரையில் உள்ள கம்பியில் பட்டு, தண்ணீரில் விழாமல் நடைபாதையில் விழுந்துவிடுகிறது. இதோடு மாட்டிக்கொள்ளப் போகிறான் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். நடப்பதோ நேர்மாறு. அந்த மோதிரத்தை எடுத்த போதைக்காரன் ஒருவன் வேறு தகராறில் செத்துப்போகிறான். அவன் பையில் மோதிரம் இருக்கிறது. "கொலையாளி இவன்தான்" என்று போலீஸ் பைலை மூடிவிடுகிறது. கிறிஸ் தப்பிவிடுகிறான்.

ஒரு கம்பி. ஒரு மோதிரம். அவ்வளவுதான் அதிர்ஷ்டம்!

கொலைக்காரன் தப்பித்ததைக் காட்டிலும், அவன் தப்பிப்பதற்காகப் பலியானவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். ஒருத்தி வேலை கிடைக்காத நடிகை. ஒருத்தி தனியாக வாழ்ந்த கிழவி. பழி விழுந்தது போதைக்காரன் தலையில். மூன்று பேருமே பணம் இல்லாதவர்கள். பணக்காரனின் அதிர்ஷ்டத்துக்கு விலை கொடுப்பது எப்போதும் வேறு ஒருவர்.

கோபாலுக்கும் தண்டவாளம் உதவியது. ஆனால் அவனுடைய மனம் உதவவில்லை. செத்தவள் வாசலில் வந்து நிற்கிறாள் என்றால் என்ன பொருள்? முடிக்காத கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது என்று பொருள். நம் கிராமத்துப் பேய்க் கதைகள் எல்லாவற்றுக்கும் அதுதான் அடிப்படை. நியாயம் கிடைக்காமல் செத்தவர்தான் பேயாக வருவார். கணக்குத் தீர்ந்தவர் வருவதில்லை.

லயத்தின் கணக்கு

இந்தக் கண்ணோடு மறுபடி போனக்காட்டுக்குப் போனால், தீராத கணக்கு இருப்பது பங்களாவில் இல்லை என்பது தெரியும். அது லயத்தில் இருக்கிறது.

அகத்தியர் மலை 1,868 மீட்டர் உயரம். அதற்கு அந்தப் பக்கம் திருநெல்வேலிச் சீமை, தாமிரபரணி. இந்தப் பக்கம் திருவிதாங்கூர். வெள்ளைக்காரர்கள் மலையில் தேயிலை போட்டபோது, கங்காணிகள் தெற்குத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருந்து ஆட்களைக் கூட்டி வந்தார்கள். காடு வெட்டினார்கள். செடி நட்டார்கள். அட்டைக் கடியிலும் மழையிலும் கொழுந்து எடுத்தார்கள். துரை போனார். கம்பெனி மாறியது. கொழுந்து எடுத்த கைகள் மட்டும் மாறவில்லை. தாய்க்குப் பிறகு மகள், மகளுக்குப் பிறகு பேத்தி.

பல தோட்டங்களில் ஒரு காலத்தில் சம்பள நாளை ஒட்டி வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டுவார்கள். சிவாஜியும் எம்.ஜி.ஆரும் மலைக்கு வந்தது அப்படித்தான். பனியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து ஜனங்கள் பணக்காரர்களின் துயரத்துக்காக அழுதார்கள். திரையில் தெரிந்த பங்களா அவர்களுக்குப் புதிது இல்லை. அதே மாதிரி பங்களாவை அவர்கள் தினமும் கீழே இருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடு, குடிதண்ணீர், ஆஸ்பத்திரி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் எல்லாம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு என்றது. தோட்டம் ஓடுகிற வரையில் அது ஓரளவு நடந்தது. தோட்டம் முடங்கினால்?

போனக்காடு தோட்டம் முடங்கியது. பாக்டரி நின்றது. எந்திரங்கள் துருப்பிடித்தன. தேயிலைச் செடிகள் கவாத்து இல்லாமல் மரமாக வளர்ந்தன. சம்பள பாக்கி நின்றது. பணிக்கொடை நின்றது. லயத்தின் கூரை ஒழுகி, சுவர் சரிந்தது. வாலிபர்கள் பிழைப்பு தேடி விதுராவுக்கும் நெடுமங்காட்டுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இறங்கிவிட்டார்கள். முதியவர்கள் இருக்கிறார்கள்.

இடியும் லயத்தை விட்டு ஏன் போகவில்லை என்று வெளியூர்க்காரர் கேட்பது உண்டு. போவதற்கு வேறு வீடு இல்லை. தமிழ்நாட்டில் தாத்தாவின் ஊர்ப் பெயர் தெரியும். அங்கே மண் இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. அறையைக் காலி செய்துவிட்டால் பாக்கிப் பணத்தைக் கேட்கும் உரிமையும் போய்விடுமோ என்ற பயம். ஆகவே ஒழுகும் கூரைக்குக் கீழே பாத்திரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

மலைக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்கள் 1999-ல் கூலி உயர்வு கேட்டு ஊர்வலம் போனபோது, ஜூலை 23-ந் தேதி தாமிரபரணிக் கரையில் 17 உயிர்கள் போயின. 2024-ல் அந்தத் தோட்டத்திலும் கொழுந்து எடுப்பது நின்றுவிட்டது.

காகிதத்தைப் பத்திரப்படுத்துங்கள்

சினிமாவில் கணக்குத் தீர்க்க போலீஸ் வேஷம் போட்டு வரும். வாழ்க்கையில் காகிதம்தான் வர வேண்டும்.

1972-ல் வந்த பணிக்கொடைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. 5 ஆண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு, வேலை செய்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் கூலி என்பது அதன் கணக்கு. தொழிலாளி இறந்துவிட்டால் அந்தப் பணம் வாரிசுக்குச் சேர வேண்டும். அதற்கு 5 ஆண்டு நிபந்தனைகூட இல்லை. லயத்தில் குடியிருந்தால்தான் பணம் என்று சட்டத்தில் எங்கும் சொல்லப்படவில்லை. வேலை செய்ததற்கு அத்தாட்சிதான் முக்கியம்.

ஆகவே நகரத்தில் கடையிலும் ஆபீசிலும் வேலை பார்க்கும் தோட்டத்துப் பிள்ளைகள் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. அடுத்த முறை மலை ஏறும்போது அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய சம்பளச் சீட்டு, பி.எப். நம்பர், யூனியன் சந்தா ரசீது, தோட்ட ஆஸ்பத்திரிச் சீட்டு, எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். செல்லரிக்கும் முன் நகல் எடுங்கள். தொழிலாளர் துறை ஆபீசில் மனுக் கொடுக்கும்போது, பாட்டி 30 வருஷம் கொழுந்து எடுத்தாள் என்பதை அந்தத் துண்டுச் சீட்டு சொல்லும்.

கோபால் தன் குற்றத்துக்குத் தானே சாட்சி சொன்னான். தோட்டக் கணக்கில் அப்படி யாரும் வந்து சொல்லப்போவதில்லை.

சாயங்காலம் பனி இறங்கியதும் பேய் பார்க்க வந்த வாலிபர்கள் மோட்டார் சைக்கிளைத் திருப்புகிறார்கள். பேய் வரவில்லை என்று அவர்களுக்கு ஏமாற்றம். பங்களா இருட்டில் கிடக்கிறது. கீழே லயத்தில் ஒரு விளக்கு எரிகிறது.